ஓட்ட ஆசை, நம்ப பயம்: அந்தக் காருக்குப் பதில் எது?

ஓட்டப் பிடித்தும் நம்ப முடியாத காரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று யோசிக்க உட்கார்ந்தால், விமர்சன வீடியோக்களை ஓரமாக வைத்துவிட்டுக் கடந்த இரண்டு வருட வொர்க்‌ஷாப் பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வண்டி ஓயாமல் செலவு வைக்கிறது’ என்ற புலம்பலுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கும். டயர், பிரேக் பேட், எஞ்சின் ஆயில், பேட்டரி என்று எந்தக் காருக்கும் வரும் தேய்மானச் செலவு ஒன்று. அதைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம். அடுத்த காரிலும் அது வரத்தான் போகிறது. இரண்டாவது வயசுக் கோளாறு: சஸ்பென்ஷன் புஷ் கிழிவது, கூலன்ட் ஹோஸ் விறைத்து வெடிப்பது, எஞ்சின் மவுண்ட் அமுங்குவது, வால்வ் கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிவது. பத்து வயதைத் தாண்டிய எந்த வண்டியிலும் இவை வரிசை கட்டி வரும். ஒருமுறை ஒழுங்காக மாற்றிவிட்டால் பல வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்றாவதுதான் கையைக் கடிப்பது: டிசைனிலேயே இருக்கும் குறை.

அதே பில்களை இன்னொரு கண்ணோடும் பார்க்க வேண்டும். எது வண்டியை வழியில் நிறுத்தியது, எது சும்மா எரிச்சல் மூட்டியது? ஏறாத பவர் விண்டோ, அணையாத ஏர்பேக் லைட், சன்ரூஃப் வடிகுழாய் அடைத்துக் கால்மிதியில் தேங்கும் தண்ணீர் எல்லாம் எரிச்சல் ரகம். வாட்டர் பம்ப், ஃப்யூல் பம்ப், கிளட்ச், கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் எல்லாம் நிறுத்தும் ரகம். இதில் ஆளை ஏமாற்றுவது எஞ்சின் சுழற்சியைக் கணக்கிடும் கிராங்க் சென்சார். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஓட்டத்திலேயே அணையும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது கோளாறு இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சென்சார் போயிருக்கிறதா என்று பார்க்காமலேயே, நம்ப முடியாத வண்டி என்று முத்திரை குத்தி விற்றுவிடுகிறார்கள்.

பிராண்டை விடுங்கள், எஞ்சின் எது?

ஜெர்மன் கார் என்றால் தொல்லை, ஜப்பான் கார் என்றால் நிம்மதி என்பது பேச்சுக்குச் சரி, முடிவெடுக்க உதவாது. நம்பகம் என்பது குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட கியர்பாக்ஸ், குறிப்பிட்ட தயாரிப்பு வருடம் மூன்றும் சேர்ந்த விஷயம்.

பிஎம்டபிள்யூவின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சினான என்20-ஐ எடுத்துக்கொள்வோம். 2011 முதல் வந்தது. டைமிங் செயின் ஓடும் தடத்தைப் பிடித்து நிறுத்தும் கைடுகள் இதில் பிளாஸ்டிக். ஆயில் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, அந்தப் பிளாஸ்டிக் வளையும் தன்மையை இழந்து உடைகிறது. 2015-க்கு முன் தயாரானவற்றில்தான் புகார் அதிகம். முதலில் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கும். அடுத்து, வடியும் ஆயிலை வலையில் வடிகட்டினால் நகம் அளவு பிளாஸ்டிக் சில்லுகள் தட்டுப்படும். சில்லுகள் போய் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும். செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அத்தோடு எஞ்சின் கதை முடிந்தது. ஆனால் சத்தக் கட்டத்திலேயே பிடித்துத் திருத்தப்பட்ட கைடு, செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அதே எஞ்சின் நெடுநாள் ஓடும்.

டிசைன் குறையிலும் இரண்டு சாதி உண்டு என்பதைத்தான் இது காட்டுகிறது: திருத்தப்பட்ட பார்ட் போட்டால் தீர்வது, எத்தனை முறை மாற்றினாலும் திரும்ப வருவது. 2012 வாக்கில் திருத்தப்பட்ட ஃபோக்ஸ்வாகன், ஆடி 2.0 டர்போவின் செயின் டென்ஷனர் முதல் சாதி. 1997 முதல் 2005 வரையிலான போர்ஷே பாக்ஸ்டர், சாதாரண 911 எஞ்சின்களின் இடைத்தண்டு பேரிங்கும் அப்படித்தான். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடலாம். பிஎம்டபிள்யூ 335ஐ-யின் என்54 எஞ்சினில் ஹை பிரஷர் ஃப்யூல் பம்ப் அடிக்கடி போனது. 2010இல் அமெரிக்காவில் அந்தக் கார்கள் அதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. திருத்திய பம்ப் போட்ட பிறகும் அந்த எஞ்சினில் இன்ஜெக்டர், டர்போ வேஸ்ட்கேட், எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் என்று வரிசை நீளும். அது இரண்டு சாதிக்கும் நடுவில் நிற்பது.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 சந்தேகமே இல்லாமல் இரண்டாவது சாதி. 2003 முதல் 2012 வரை வந்த அதன் ரோட்டரி எஞ்சினில் ரோட்டர் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல் தேயத் தேய கம்ப்ரெஷன் குறையும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் முக்கி முனகும், அதுதான் அறிகுறி. ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில்தான் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் சரியான கணக்குத் தராது. முழு எஞ்சினையும் பிரித்துக் கட்டுவதுதான் வைத்தியம், அதுவும் நிரந்தரமில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 ஸ்பீடு உலர் கிளட்ச் கியர்பாக்ஸான டிக்யூ200-ஐயும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் சூடேறி அதிரும், கியரை மாற்றும் கன்ட்ரோல் பெட்டியான மெக்கட்ரானிக் யூனிட் பிரஷரை இழக்கும். சீனாவில் 2013இல் இது பெரிய அளவில் திரும்ப அழைக்கப்பட்டது. இதற்கு அண்ணனான 6 ஸ்பீடு டிக்யூ250 ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்டது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் நன்றாகவே உழைக்கும். ஒரே கம்பெனி, டிஎஸ்ஜி என்ற ஒரே பெயர், குணம் வேறு.

வைத்துக்கொண்டு சரிசெய்வது

உங்கள் காரின் கோளாறு வயசு ரகமோ, முதல் சாதி டிசைன் குறையோ என்றால் வைத்துக்கொள்வதே பல நேரம் மலிவு. எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது அடுத்த காரின் விலையை அல்ல. அது வருடா வருடம் இழக்கும் மதிப்பு, கடன் வட்டி, கூடும் இன்சூரன்ஸ், வாங்கும்போது கட்டும் வரி ஆகியவற்றின் கூட்டுத்தொகையை. புதுக் கார் வாங்கினால் முதல் மூன்று வருடத்தில் மதிப்பு சரியும் வேகத்துக்கு முன்னால் பெரிய ரிப்பேர் பில்கூடச் சின்னதாகத் தெரியும்.

ஆனால் துண்டு துண்டாகச் செய்யக் கூடாது. இன்று ஹோஸ், அடுத்த மாதம் தெர்மோஸ்டாட், அதற்கடுத்து வாட்டர் பம்ப் என்று போனால் ஒரே இடத்தைப் பிரித்து மாட்டும் கூலியை மூன்று முறை கட்டுவீர்கள். கூலிங் சிஸ்டம் என்றால் எக்ஸ்பான்ஷன் டேங்க், மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், டிரைவ் பெல்ட், புது கூலன்ட் எல்லாம் ஒரே மூச்சில். எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் ஒரு லட்சம் கி.மீ. நெருங்கும்போது, ஓடிக்கொண்டிருந்தாலும் பம்ப்பை மாற்றிவிடுவது உத்தமம். அது முனகாமல் திடீரென்று நிற்கும் பேர்வழி. கிளட்ச் என்றால் பிரஷர் பிளேட், டிஸ்க், ரிலீஸ் பேரிங் மூன்றோடு கிராங்க் பின்புற ஆயில் சீலையும் மாற்றி, டியூயல் மாஸ் ஃப்ளைவீலின் ஆட்டத்தையும் அளந்து பார்த்துவிட வேண்டும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இன்டேக் வால்வின் முதுகில் கரி படிவது குறை என்பதைவிடப் பராமரிப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் வால்வைக் கழுவாமல் நேரே சிலிண்டருக்குள் போவதால் படிகிறது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்தால் ஐட்லிங் அதிர்வு போய், பழைய பிக்அப் திரும்பும்.

எங்கே கையை எடுத்துவிட வேண்டும்? முழுப் பட்டியலுக்கும் ஒரே எஸ்டிமேட் வாங்குங்கள். சரிசெய்த பிறகு அந்தக் கார் என்ன விலைக்குப் போகுமோ அதில் பாதியை எஸ்டிமேட் தாண்டினால், அல்லது பாடியின் அடிச்சட்டத்திலேயே துரு ஏறியிருந்தால், மேலே யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது கார்

நம்ப முடியாத காரின் உண்மையான தொல்லை, வீட்டில் இருக்கும் ஒரே கார் அதுதான் என்பது. திங்கட்கிழமை காலை நிற்கும்போது, எந்த விலை சொன்னாலும் தலையாட்டி உடனே சரிசெய்யச் சொல்வோம். பக்கத்தில் இன்னொரு சாதாரண வண்டி இருந்தால் பார்ட் வரும்வரை மூன்று வாரம் காத்திருக்கலாம், இரண்டு இடத்தில் விலை கேட்கலாம், பிரேக், ஆயில், சென்சார் போன்றவற்றை நாமே மாற்றலாம். அவசரம் போனாலே பில் கணிசமாக இறங்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை: இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு பார்க்கிங் இடம், இரண்டு பேட்டரி. சும்மா நிற்கும் கார் கெடாது என்று நினைக்க வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் துரு பிடிக்கும், காலிபர் இறுகும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட விடுவது கெடுதல்தான்: ஆயில் முழுசாகச் சூடாகாது, சைலன்சரில் தண்ணீர் தேங்கும். நீண்ட நாள் நிறுத்தினால் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுவது நல்லது. ரகசியமாக ஒன்று: இடமும் மனசும் உள்ளவர்களுக்கு இதுதான் எங்கள் முதல் ஓட்டு. அப்படி உள்ளவர்கள் குறைவு என்பதால்தான் மீதிக் கட்டுரை.

சாதுவான கார்

டொயோட்டா கொரோலா ரகம். 1.8 லிட்டர் 2இசட்ஆர் எஞ்சின், டர்போ இல்லை, டைமிங் செயின், வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. டொயோட்டாவின் ஹைப்ரிட் இன்னும் ஒரு படி மேலே. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கிளட்ச் இல்லை, டார்க் கன்வெர்ட்டரும் இல்லை. இ-சிவிடி என்று பெயர் வைத்திருந்தாலும் வழக்கமான சிவிடி கியர்பாக்ஸ் மாதிரி உள்ளே பெல்ட் கிடையாது; பிளானட்டரி கியர் செட் ஒன்றும் இரண்டு மோட்டார் ஜெனரேட்டர்களும்தான். வேகம் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேட் நெடுநாள் வரும்.

அதற்காக ஹைப்ரிட் வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பல மாடல்களில் பின்சீட்டுப் பக்கம் உள்ள துவாரம் வழியாகத்தான் போகிறது. அங்கே உள்ள வலையில் தூசியும் நாய் முடியும் அடைத்தால் பேட்டரி வேகும். கைவேலைதான், கழற்றித் தட்டி மாட்டினால் போதும், ஆனால் செய்கிறவர் குறைவு. 2009 முதல் 2015 வரையிலான மூன்றாம் தலைமுறை பிரியஸில் புகையை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் கூலர் கரியால் அடைபட்டு, நாளடைவில் ஹெட் கேஸ்கெட் போவது தெரிந்த கதை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சில நொடிகள் கடகடவென்று உதறினால் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் ஒரே ஸ்தாயியில் கத்திக்கொண்டு நிற்க, வேகம் மெல்ல ஏறும் அந்த அனுபவம், கியர் போட்டு ஓட்டிப் பழகியவருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஓட்டுவதில் ஆசை உள்ளவர் இதை வாங்கினால் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டுப் பழையபடி சிக்கலான வண்டிக்கே திரும்பும் வாய்ப்பு அதிகம். இரண்டு முறை வாங்கி விற்பதன் நஷ்டம் ஒரு டைமிங் செயின் வேலையைவிடப் பெரிது. கொரோலாதான் வேண்டுமென்றால் 2018-க்குப் பிறகு வந்த தலைமுறையைப் பாருங்கள். பல சந்தைகளில் பின்பக்கம் மல்டி லிங்க் சஸ்பென்ஷன் கிடைக்கிறது. முந்தையதைவிட வளைவில் எவ்வளவோ தேவலை.

நம்பவும் செய்யலாம், ஓட்டவும் பிடிக்கும்

இங்கே வருவதற்கு முன் பழைய காரில் உங்களுக்கு எது பிடித்தது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஸ்டியரிங்கா, கியர் மாற்றும் சுகமா, டர்போ தரும் அந்த உந்தலா, சத்தமா, மேல்கூரை திறப்பதா? ஐந்தையும் சேர்த்துத் தரும் நம்பகமான கார் கிடைக்காது. ஒன்றிரண்டு போதுமென்றால் நிறையவே உண்டு.

ஸ்டியரிங்கும் கியரும் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் தொடங்கியதிலிருந்து அதே சூத்திரம்: முன்னால் எஞ்சின், பின்சக்கர உந்துதல், எடை ஒரு டன்னை ஒட்டி, ஓரிரு விதிவிலக்கு தவிர டர்போ இல்லை. எஞ்சினில் பயப்பட ஒன்றுமில்லை. பழைய தலைமுறைகளில் பயப்பட வேண்டியது துருவுக்கு: கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியின் பின்முனையைத் தட்டிப் பாருங்கள். மென்கூரையின் வடிகுழாய் அடைத்துத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். 2015இல் வந்த நான்காம் தலைமுறையின் ஆரம்ப கார்களில் கியர்பாக்ஸ் பலவீனம் உண்டு. இரண்டாம் கியரில் உறுமலோ, கியர் பிடிக்க முரண்டோ இருந்தால் விட்டுவிடலாம். இரண்டே சீட், சின்ன டிக்கி. குடும்பத்தின் ஒரே காராக வைக்கத் தோதில்லை.

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையர்களில் பின்சீட்டு பெயருக்கு இருக்கிறது. 2012 முதல் வந்த 2.0 லிட்டரில் போர்ட், டைரக்ட் இரண்டு இன்ஜெக்‌ஷனும் இருப்பதால் வால்வில் கரி படியும் பிரச்சினை அடங்கும். 2012, 2013 கார்களுக்கு வால்வ் ஸ்பிரிங் மாற்ற அழைப்பு வந்தது. அந்த வேலையின்போது சீலன்ட்டை அள்ளிப் பூசியதால் உபரி உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைத்து எஞ்சின் போன சம்பவங்களும் உண்டு. அழைப்பு வேலை முடிந்ததா என்று கேட்பதோடு நிற்காமல், முடிந்த பிறகு எத்தனை ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். நிறைய ஓடியிருந்தால் நல்லது. டர்போ பழகியவருக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் 205 நியூட்டன் மீட்டர் டார்க் ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல்தான் முழுசாக வரும், நாலாயிரத்தை ஒட்டி ஒரு பள்ளம் வேறு. பின்னால் வந்த 2.4 லிட்டர் அந்தப் பள்ளத்தைப் பெருமளவு நிரப்பிவிட்டது.

நான்கு கதவு, டிக்கி, குழந்தை சீட் எல்லாம் வேண்டுமென்றால் எங்கள் தேர்வு டர்போ இல்லாத 2.0 லிட்டர் ஹோண்டா சிவிக், அல்லது 2.0 லிட்டர் ஸ்கைஆக்டிவ் மாஸ்டா 3. இரண்டிலும் மேனுவல் கியர். மாஸ்டாவின் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கும் மோசமில்லை. அது டார்க் கன்வெர்ட்டர் ரகம், சீக்கிரமே லாக் ஆகிவிடுவதால் எஞ்சின் முன்னால் கத்தி வேகம் பின்னால் வரும் ரப்பர் இழுப்பு இல்லை. பின்சக்கர உந்துதலும் ஆறு சிலிண்டர் சத்தமும் இல்லாமல் முடியாது என்பவருக்கு லெக்ஸஸ் ஐஎஸ் 350. அதே உருவத்தில் வரும் ஐஎஸ் 250-ஐத் தவிர்க்கவும். அதில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மட்டுமே, கரி படியும். 350-இல் இரண்டு இன்ஜெக்‌ஷனும் உண்டு. பின்புறத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைத் தவிர வெளியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

உந்தல்தான் உயிர் என்றால் 2017இல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 1.4 டர்போ, 230 நியூட்டன் மீட்டர், எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே. எடை குறைவென்றால் டயர், பிரேக், கிளட்ச் எல்லாவற்றுக்கும் ஆயுள் கூடும். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ மேனுவலும் பரவாயில்லை. அதன் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டில் கூலன்ட் கசியும். அது வரும் என்று தெரிந்தே வாங்கினால் அதிர்ச்சி இல்லை.

வாரண்டி உள்ள புது மாடல், எலெக்ட்ரிக்

அதே பிராண்டின் புது மாடலை வாரண்டியோடு எடுப்பது, வாரண்டி முடியும் முன் விற்றுவிடுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு மட்டும். செலவை மதிப்பிழப்பாகக் கட்டுகிறீர்கள், ரிப்பேராக அல்ல. வழியில் நிற்பது அடியோடு போய்விடாது, டோ வண்டிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் மாறும்.

எலெக்ட்ரிக் காரில் பிக்அப் கேட்ட நொடியில் கிடைக்கும், செயின், டர்போ, கிளட்ச் கவலை இல்லை. ஆனால் எடை அதிகம், வளைவில் அது தெரியும், டயரும் சீக்கிரம் தேயும். சொந்த பார்க்கிங்கில் சார்ஜ் போட வசதி இல்லையென்றால் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெயரை நம்பி ஏமாறும் இடங்கள்

தலைவலி போய்த் திருகுவலி வருவது இங்கேதான். 2000-ஐ ஒட்டி வந்த டொயோட்டா 1இசட்இசட் எஞ்சினும், 2006 முதல் 2009 வரையிலான 2.4 லிட்டர் 2ஏஇசட் எஞ்சினும் ஆயில் குடிக்கும். 2006 முதல் 2008 வரையிலான 1.8 சிவிக்கில் எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டதால் ஹோண்டா வாரண்டியை 10 வருடமாக நீட்டியது. ஹோண்டாவின் 1.5 டர்போவில், குளிர் பிரதேசத்தில் சின்னச் சின்னப் பயணமாக ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலந்து டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும். நிசானின் பெல்ட் சிவிடிகள், ஃபோர்டின் உலர் கிளட்ச் பவர்ஷிஃப்ட், ஆயிலுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் கொண்ட ஃபோர்டு 1.0 ஈக்கோபூஸ்ட், பியூஜோ 1.2 ப்யூர்டெக் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் உரிந்து, அந்தப் பிசிறு ஆயில் சல்லடையை அடைக்கும். விளம்பரத்தில் இவை எல்லாமே ‘சிக்கனமான, நம்பகமான குடும்பக் கார்’ என்றுதான் வரும்.

பார்க்கப் போகும்போது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலை ஸ்டார்ட் சத்தத்தை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக், கூலன்ட் மட்டம், ஆயில் மூடியின் உள்பக்கம் மூன்றையும் பாருங்கள். முதல் மூன்று நொடிச் சத்தம் முக்கியம்: அதற்குள் கடகடப்பு அடங்காவிட்டால் செயினோ டென்ஷனரோ. பிறகு ஏசியைப் போட்டு இருபது நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கிறதா, டெம்பரேச்சர் முள் அசையாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஓட்டும்போது இறக்கத்தில் கியரிலேயே, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, அடியில் வந்ததும் அழுத்துங்கள். கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் ஆயில் எரிகிறது. மேனுவலில் மேல் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுசாக அழுத்தினால், வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறதா பாருங்கள்; ஏறினால் கிளட்ச் முடிந்தது.

சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் போதும். எரர் கோட் இருக்கிறதா என்பதைவிட, கார் தன்னையே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் மானிட்டர்கள் எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாதிக்கு மேல் முடியாமல் இருந்தால் நேற்றோ இன்றோ கோட்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தானாகத் திருத்தும் சதவீதமான லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம் கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவோ இன்ஜெக்டர் கோளாறோ இருக்கும். பழைய பிரியஸ் என்றால் பேட்டரி பிளாக்குகளின் வோல்டேஜைத் தனித்தனியாகக் காட்டும் ஆப் வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் 28 மாட்யூல்கள் 14 ஜோடிகளாகத் தெரியும். முழு ஆக்சிலரேட்டரில் ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிடச் சட்டென்று கீழே இறங்கினால் பேட்டரிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

பழையதை விற்பது, புதியதைத் தயார்செய்வது

ஓடும் நிலையில் விற்க வேண்டும். நின்றுபோன ஸ்போர்ட்ஸ் காருக்குக் கேட்பது உதிரிபாக விலைதான். பேட்டரி, இக்னிஷன் காயில், சென்சார் போன்ற சின்ன வேலைகளை முடித்துவிடுங்கள். டைமிங் செயின் போன்ற பெரிய வேலையை விற்பதற்காகச் செய்தால் போட்ட பணம் திரும்பாது. கோளாறை எழுத்தில் சொல்லி, விலையைக் குறைத்து, அந்த மாடலின் பித்தர்களுக்கு விற்பது இரு தரப்புக்கும் நல்லது. சொந்தமாக மாட்டிய சைலன்சர், வீல்களைக் கழற்றி ஒரிஜினலைப் போட்டால் வாங்க வருவோர் கூடுவார்கள். கழற்றியவற்றைத் தனியாக விற்கலாம்.

நான்கு முதல் ஆறு வயதுக் கார் வாங்கினீர்கள் என்றால் அதன் சர்வீஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருக்கும் கியர்பாக்ஸ் ஆயிலையும் சேர்த்துத்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி எரிகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் பணத்தில் நல்ல டயர் நான்கும் போட்டு வீல் அலைன்மென்ட் பார்த்தால், சாது என்று நினைத்த காரின் ஸ்டியரிங்கில்கூட ஆச்சரியமான மாற்றம் தெரியும். பழைய உரிமையாளர்கள் பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது டயரில்தான்.